காற்றாலைக் காவல் பெட்டிக்கு அரசு ஆராய்ச்சிப் பணம் கேட்கலாமா?

பேட்டை பட்டறை | செவ்வாய், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். காற்றாலைக் கன்ட்ரோல் கார்டு சர்வீஸ்தான் பிழைப்பு. 2007-ல் பணகுடிப் பக்கம் டெக்னீசியனாகக் கோபுரம் ஏற ஆரம்பித்தவன். முட்டி தேய்ந்ததும் கீழே இறங்கி சால்டரிங் அயர்னைப் பிடித்துக்கொண்டேன். இப்போது மூன்று பையன்கள் என்னோடு வேலை பார்க்கிறார்கள். 225, 250 கிலோவாட் பழைய மெஷின்கள்தான் எங்களுக்குச் சோறு. அதற்கெல்லாம் புது கார்டு லேசில் கிடைக்காது, போனதைப் பிழைக்க வைத்தால்தான் உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம், ராதாபுரம் பக்கம் நாலு காத்தாடி வைத்திருக்கிற ஒரு வாடிக்கையாளர் விடியக்காலம் போன் போட்டார். "மெஷின் நின்னுட்டு வே, வந்து ஏறிப் பாரும்" என்றார். போய்ப் பார்த்தால் ஏறுகிற வேலையே இல்லை. ஏபி ஸ்விட்சை (லைன் கரண்டைத் துண்டிக்கிற கம்பத்து ஸ்விட்ச்) பதமாக இறக்கிவிட்டு, கோபுரத்து அடியிலிருந்து டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போகிற காப்பர் கேபிளை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வேலை தெரிந்தவன் கை. புதுக் கேபிள் வந்து இழுத்துக் கட்டி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஆடிக் காற்றில் அந்த மெஷின் ஒரு நாளைக்கு 3,000 யூனிட்டுக்குக் குறையாமல் தரும். கேபிள் விலையை விட ஓடாமல் நின்ற நஷ்டம்தான் பெரிது. வாட்ச்மேன் இருந்தார், பாவம் அவரைச் சொல்லி என்ன? பத்து மெஷினுக்கு ஒரு ஆள். அந்தக் காற்றில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே காதில் விழாது.

அன்றைக்கு வண்டியில் திரும்பும்போதுதான், காது கேட்காவிட்டால் என்ன, தரைக்குக் கேட்குமே என்று தோன்றியது. ஜியோஃபோன் என்று ஒரு சாமான் இருக்கிறது. எண்ணெய் தேடுகிறவர்கள் பூமிக்குள் அதிர்வைக் கேட்க நட்டு வைப்பது. காந்தத்தைச் சுற்றி ஸ்பிரிங்கில் தொங்கும் செம்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான் உள்ளே. தரை அசைந்தால் தானே வோல்டேஜ் தரும், அதற்கென்று தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டாம். அதில் நாலு வாங்கி, பத்து வாட் சோலார் பலகை, ஒரு பேட்டரி, ஒரு சிம் கார்டு மோடம் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி செய்தேன். ஆள் நடந்து வந்தால் போன் அடிக்கும்.

அடித்தது. ராத்திரி முழுக்க அடித்தது. ஏனென்றால் அந்த மெஷின் நிமிடத்துக்கு 40 சுற்று சுற்றுகிறது. மூன்று இறக்கை. கணக்குப் போட்டால் விநாடிக்கு இரண்டு தடவை ஒரு இறக்கை கோபுரத்தைக் கடக்கிறது. மனுஷன் சாதாரணமாக நடந்தாலும் விநாடிக்கு இரண்டு அடிதான் வைக்கிறான். பெட்டிக்குக் காத்தாடியே திருடனாகத் தெரிந்தது. இது போதாதென்று ஆடு, மயில், மேலே விழுகிற பனை மட்டை. செம்மண் தேரியில் நட்டால் வேறு பிரச்சினை. மணல் லூசாக இருப்பதால் அதிர்வே வந்து சேராது, ஒரு அடி தோண்டி இறுக்கிப் புதைக்க வேண்டும். இப்படியே எட்டு மாதம் மல்லுக்கட்டி, காத்தாடிச் சத்தத்தைப் பெட்டி கண்டுகொள்ளாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். என்ன வழி என்று இங்கே சொல்லப்போவதில்லை. மன்னிக்கவும், என்னிடம் இருக்கிற ஒரே சொத்து அது.

இப்போது ராதாபுரத்துக்காரரின் மகன், பெங்களூரில் வேலை பார்க்கிற பையன், "அங்கிள், இதுக்கு கவர்மென்ட் ஒன்றரைக் கோடி தரும், பாதுகாப்புத் துறையில் ஐடெக்ஸ் என்று இருக்கிறது, எல்லைக் காவலுக்குக் கேட்கிறார்கள்" என்று தூபம் போட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை. நான் தனி உரிமையாளர், உத்யம் என்கிற சிறுதொழில் பதிவும் ஜிஎஸ்டியும் மட்டும் இருக்கிறது. வருஷ விற்றுமுதல் 38 லட்சம். என்னைப் போன்ற ஆள் கேட்கலாமா? கேட்டால் காற்றாலைக்கு என்று ஆற்றல் பக்கம் கேட்பதா, காவலுக்கு என்று பாதுகாப்புப் பக்கம் கேட்பதா? பாதியில் வேலை தோற்றுவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்களா? வீட்டில் கேட்டால் "கேட்டா குடுப்பாகளா, குடுத்தா விடுவாகளா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கயத்தாறு மேற்கு | செவ்வாய், இரவு 11.15

அண்ணாச்சி, எங்கள் மாமா ஆட்டுக் கொட்டகை மானியத்துக்கு எழுதிப்போட்டு அலைந்ததில் மூன்று ஜோடி செருப்பு போனது. கடைசியில் கொட்டகை வந்தது, அதற்குள் ஆட்டை விற்றுவிட்டார். நான் சொல்வதைச் சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த மயில் விஷயம் நூற்றுக்கு நூறு நிஜம். எங்கள் ஊரில் நாய் குரைப்பதை விட மயில் மிதிப்பதுதான் அதிகம்.

---

திட்ட அறிக்கை சேவை | புதன், காலை 9.02

ஐயா வணக்கம். அனைத்து மத்திய மாநில மானியங்களுக்கும் திட்ட அறிக்கை தயார் செய்து 100% ஒப்புதல் வாங்கித் தருகிறோம். கமிஷன் 10% மட்டுமே. முன்பணம் ரூ.25,000. தொடர்புக்கு

*(நடத்துநர்: மேலே இருந்த எண் நீக்கப்பட்டது. நூறு சதவீதம் ஒப்புதல் என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள்.)*

---

பாளை பம்ப்செட் | புதன், பிற்பகல் 2.30

அண்ணாச்சி, நானும் வீட்டுக்காரரும் பம்ப்செட்டுக்கு ஒரு கன்ட்ரோலர் செய்தோம். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தி போனில் தகவல் சொல்லும். அதற்கு ஒரு முன்மாதிரித் திட்டத்தில் மத்திய அரசுப் பணம் கிடைத்தது. அதனால் பட்டதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் மனதிலிருந்து எடுக்க வேண்டியது 'லோன்', 'மானியம்' என்ற இரண்டு சொல்லையும். வங்கிக் கடன் என்றால் பணத்தைக் கொடுத்துவிட்டு வட்டியை மட்டும் பார்ப்பார்கள். ஆட்டுக் கொட்டகை மானியம் என்றால் கொட்டகையைப் பார்ப்பார்கள். இது ஆராய்ச்சிப் பணம். இன்ன மாதத்துக்குள் இன்னதைச் செய்து காட்டுவேன் என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள், அந்தப் படியைத் தாண்டினால் அடுத்த தவணை. ஒப்புக்கொண்டபடி உழைத்து, கணக்கும் சரியாக இருந்து, அப்படியும் சாமான் வேலை செய்யவில்லை என்றால் எங்கள் திட்டத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பணத்தை வேறு எதற்காவது திருப்பிவிட்டால்தான் கழுத்தைப் பிடிப்பார்கள். ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியை மட்டும் மூன்று தடவை வாசியுங்கள்.

எங்களுக்கு அடி விழுந்தது தவணையில். முதல் தவணை 40 சதவீதம் வந்தது. பிசிபி (சர்க்யூட் பலகை) அடிக்க, பெட்டி மோல்டு போட, ஆறு இடத்தில் மாட்டிப் பார்க்க என்று நாலு மாதத்தில் தீர்ந்தது. சொன்ன வேலையை முடித்து அறிக்கை அனுப்பினோம். இரண்டாம் தவணை வர ஏழு மாதம். எங்களைச் சேர்த்துக்கொண்ட இன்குபேட்டர் மையத்தில் (புதுத் தொழில்களைக் கைதூக்கிவிடுகிற இடம்) கூட்டம் போட ஆள் சேரவில்லை, அப்புறம் அதிகாரி மாறினார், அப்புறம் மார்ச் முடிவு. யாரையும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த ஏழு மாதம் பையன்களுக்குச் சம்பளம் கொடுக்க என் வளையல் போனது. பிறகு திரும்பி வந்தது, அது வேறு. உங்கள் சர்வீஸ் வேலையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள் அண்ணாச்சி. அந்த 38 லட்சம்தான் உங்கள் வளையல்.

கணக்கு: தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறக்கச் சொல்வார்கள். அதில் பணம் சும்மா கிடந்து வட்டி வந்தால் அந்த வட்டி அரசாங்கத்துக்கே போக வேண்டும், நம்முடையது இல்லை. வருஷ முடிவில் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ், ஆடிட்டர் கையெழுத்தோடு. பேட்டையில் தெரிந்த கடையில் துண்டுச் சீட்டில் ஸ்க்ரூ வாங்குகிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நான் ஒரு வருஷம் மாவு அரைத்த சீட்டைக் கூடக் கோப்பில் போட்டுவிடுவேனோ என்கிற நிலைமையில் இருந்தேன். இன்னொன்று, அரசு கொடுப்பதால் வரி கிடையாது என்று நினைக்காதீர்கள். 2015 நிதிச் சட்டத்துக்குப் பிறகு அரசு மானியமும் வருமானத்தின் வரையறைக்குள் வருகிறது. மெஷின் வாங்கிய பங்குக்கு வேறு கணக்கு. உங்கள் ஆடிட்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

சரி, எந்தக் கதவு? 'நிதி பிரயாஸ்' என்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையுடையது. 10 லட்சம் வரை, கையில் பிடிக்கிற சாமானுக்கு முன்மாதிரி செய்யத்தான். வெறும் செயலி எழுதுகிறவர்களுக்கு இல்லை. இன்குபேட்டர் மையம் வழியாகத்தான் போக வேண்டும். 'ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி'யில் முன்மாதிரிக்கு 20 லட்சம் வரை கொடை. ஆனால் அதற்கு டிபிஐஐடி என்கிற மத்தியத் தொழில் துறையின் அங்கீகாரம் வேண்டும், கம்பெனி தொடங்கி இரண்டு வருஷத்துக்குள் இருக்க வேண்டும். தனி உரிமையாளருக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. கூட்டாண்மை, எல்எல்பி (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை), பிரைவேட் லிமிடெட் இப்படி ஏதாவது ஒன்றாக இருக்க வேண்டும். "சரி, பட்டறையையே பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிடுகிறேன்" என்று கிளம்பாதீர்கள். இருக்கிற தொழிலை உடைத்தோ மாற்றி அமைத்தோ உண்டாக்கிய கம்பெனிக்கு அங்கீகாரம் இல்லை என்று விதியிலேயே இருக்கிறது. சர்வீஸ் பட்டறை பட்டறையாகவே இருக்கட்டும். பெட்டிக்கென்று உண்மையிலேயே புதிதாக ஒன்று தொடங்குவது வேறு விஷயம்.

மாநிலத்தில் ஸ்டார்ட்அப் டிஎன் என்கிற அரசு அமைப்பு நடத்துகிற டேன்சீட் விதை நிதி 10 லட்சம், பசுமைத் தொழில்நுட்பத்துக்கு 15 லட்சம். பதிலுக்கு 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு நம் நெல்லையிலேயே வட்டார மையம் இருக்கிறது, சென்னைக்கு ரயில் ஏற வேண்டாம். இதையெல்லாம் விடச் சின்னதாக, தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் ஒன்று இருக்கிறது. 2 லட்சம் ஒன்று, 5 லட்சம் ஒன்று. நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் அதில்தான் கை வைப்பேன். தொகை சிறியது, ஆனால் அரசுப் பணத்துக்குக் கணக்கு எழுதுவது எப்படி என்று குறைந்த அடியில் கற்றுக்கொள்ளலாம்.

அந்த ஒன்றரைக் கோடி: ஐடெக்ஸ் 2018 ஏப்ரலில் சென்னைப் பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கியது. ஒன்றரைக் கோடி 'வரை' என்பது உச்சவரம்பு. அதோடு நம் பக்கத்துப் பங்கும் ஈடாகக் காட்ட வேண்டும். மூன்று கோடி ரூபாய் வேலைக்கு அவர்கள் ஒன்றரை, நாம் ஒன்றரை என்பதுபோல. பணமாகவோ பொருளாகவோ இருக்கலாம். பெங்களூர்த் தம்பி அந்தப் பாதியைச் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது.

---

பேட்டை பட்டறை | புதன், இரவு 9.50

தங்கச்சி, அரை நோட்டு நிறைய எழுதி வைத்துக்கொண்டேன். ஒன்றரைக் கோடிக்கு நான் ஒன்றரைக் கோடி என்று வாசித்ததும் இரண்டு வாரத்துக்கு அப்புறம் முதல் தடவையாக நிம்மதியாகக் கொட்டாவி வந்தது. வளையல் கதையை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அவள் தன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

---

ஓய்வில் ஒரு பொறியாளர் | வியாழன், காலை 6.10

நான் முப்பது வருடம் அரசுப் பணியில் கருவிகளைச் சோதித்து ஏற்பது, மறுப்பது என்ற வேலையில் இருந்தவன். இப்போது வீரவநல்லூரில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன். தம்பியின் பதிவை இரண்டு முறை வாசித்தேன். மேலே அந்தப் பெண் பணத்தைப் பற்றிச் சொன்னது சரி. நான் சாமானைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பெட்டி 'காலடி கண்டுபிடிக்கும் பெட்டி' என்று எழுதினால் முதல் சுற்றிலேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள். காலடியைக் கண்டுபிடிப்பது பழைய வித்தை. பல நாட்டுப் படைகள் பல பத்தாண்டுகளாகத் தரையில் புதைத்துவைக்கிற சாமான் அது. பெங்களூர்ப் பையன் சொன்ன எல்லையில் காத்தாடி கிடையாது. எட்டு மாதம் நீங்கள் மல்லுக்கட்டிய எதிரியே அங்கே இல்லை என்றால், உங்கள் வெற்றிக்கு அங்கே என்ன மதிப்பு? அங்கே இருக்கிற எதிரி வேறு: வேலிக் கம்பியில் மோதும் காற்று, ஒட்டகம், தூரத்து லாரி.

ஆனால் நீங்கள் தீர்த்தது, என் கண்ணுக்கு, அதை விடச் சுவாரசியமான கணக்கு. சுற்றுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், அந்த இயந்திரத்தின் அதிர்வுக்கு நடுவே, மனிதக் காலடியைப் பிரித்தெடுப்பது. அது காற்றாலையில் மட்டுமா இருக்கிறது? மின்சாரம் எட்டாத காவல் சாவடி எங்கே இருந்தாலும் டீசல் ஜெனரேட்டர் ஓடுகிறது. நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் ஜெனரேட்டர் தரைக்குக் கொடுப்பது விநாடிக்கு 25 அதிர்வு. காலடியின் அதிர்வும் அந்த வட்டாரத்தில்தான் விழுகிறது. ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் தரைக்காது செவிடாகிவிடும். பம்பிங் ஸ்டேஷன், கம்ப்ரசர் அறை, எல்லா இடத்திலும் இதே கதை. ஆற்றலா பாதுகாப்பா என்று இரண்டு கதவைக் காட்டிக் கேட்டீர்கள். உங்கள் சாமான் நிற்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரில். விண்ணப்பத்தில் அந்தச் சுவரை எழுதுங்கள்.

ஒரு சின்னத் திருத்தம். ஜியோஃபோன் தன் இயல்பு அதிர்வெண்ணுக்குக் கீழே காது மந்தம். நீங்கள் வாங்கியது அநேகமாக 10 ஹெர்ட்ஸ் (விநாடிக்குப் பத்து அதிர்வு) வகை. அது இறக்கையின் 2 ஹெர்ட்ஸை நேராகக் கேட்கவில்லை, ஒவ்வொரு கடப்பிலும் கோபுரம் உதறுகிற உதறலைக் கேட்கிறது. தாளம் விநாடிக்கு இரண்டு, ஆனால் கேட்கிற சத்தத்தின் அதிர்வெண் வேறு. இதை எழுதாமல் விட்டால் குழுவில் இருக்கிற யாராவது ஒருவர் பிடித்துக்கொள்வார். நானாக இருந்தால் பிடித்திருப்பேன்.

அடுத்தது எண். "நன்றாக வேலை செய்கிறது" என்பது எண் இல்லை. எத்தனை இரவு வைத்தீர்கள், எத்தனை முறை ஆள் நடந்தான், எத்தனை முறை பிடித்தது, ஆளே இல்லாமல் எத்தனை முறை கத்தியது, அப்போது காற்று வேகம் என்ன, ரோட்டர் என்ன சுற்றில் இருந்தது. முப்பது இரவுக்கு இந்தப் புத்தகம் எழுதுங்கள். புரட்டாசி தாண்டினால் காற்று ஓய்ந்துவிடும், பிறகு அடுத்த வைகாசி வரை காத்திருக்க வேண்டும். விண்ணப்பம் காத்திருக்கும், காற்று காத்திருக்காது.

படைக்கு என்று போனால் ஜேஎஸ்எஸ் 55555 என்று ஒரு சோதனைத் தரம் உண்டு. சூடு, குளிர், ஈரம், தூசி, குலுக்கல், உப்புக் காற்று என்று ஒவ்வொன்றாகப் போட்டு வதைப்பார்கள். மின்காந்தக் குறுக்கீட்டுக்குச் சென்னை தரமணியில் சமீர் என்கிற மத்திய அரசு ஆய்வகம் இருக்கிறது. உங்கள் பெட்டிக்குள் மோடம் இருக்கிறது. அது கூவும்போது ஜியோஃபோன் ஆம்ப்ளிஃபையரில் ஒரு பொய்க் காலடி விழும். பட்டறையிலேயே பார்த்துவிடலாம், காசு செலவில்லை: பெட்டியை மெத்தை மேல் வைத்துவிட்டு அதற்கு போன் போடுங்கள்.

கடைசியாக, உங்கள் வழி என்னவாக இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. நான் எழுதவில்லை. நான் ஊகிக்க முடிந்தால் இன்னொருவனுக்கும் முடியும். பூர்வாங்கக் காப்புரிமை விண்ணப்பம் போடுங்கள். சிறு நிறுவனத்துக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். அன்றைய தேதி உங்களுக்குப் பதிவாகும், முழு விவரம் கொடுக்கப் பன்னிரண்டு மாதம் அவகாசம். அதுவரை ராதாபுரத்துக்காரரின் மகனிடம் கூட வாயைத் திறக்காதீர்கள்.

---

ஹூஸ்டன் சுரண்டை | வியாழன், இரவு 8.25

பொறியாளர் ஐயா சொன்னதற்கு ஒரு பின்பாட்டு. நான் வேலை பார்க்கிற இடம் இங்கே அமெரிக்காவில் இருபது பேர் கொண்ட சின்னக் கம்பெனி. எஸ்பிஐஆர் (சிறு தொழில் புத்தாக்க ஆராய்ச்சி) என்கிற அரசுத் திட்டத்தின் பணத்தில் வளர்ந்தது. 1977-ல் இங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளை சின்னக் கம்பெனிகளுக்கென்று சோதனையாக ஆரம்பித்து, 1982-ல் சட்டமாகி எல்லாப் பெரிய துறைகளுக்கும் பரவியது. வெளியே ஆராய்ச்சிக்குப் பெரிய தொகை கொடுக்கிற ஒவ்வொரு துறையும் அதில் 3.2 சதவீதத்தைச் சின்னக் கம்பெனிகளுக்கு ஒதுக்கியாக வேண்டும். ஆற்றல் துறையும் தருகிறது, பாதுகாப்புத் துறையும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் தருகிறது. போனுக்குச் சிப் செய்கிற குவால்காம் கூடச் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தப் பால் குடித்ததுதான்.

மூன்று கட்டம். முதலாவது ஆறு மாத அளவில் 'இது நடக்குமா' என்று மட்டும் பார்ப்பது. இரண்டாவது இரண்டு வருஷ அளவில் முன்மாதிரி. மூன்றாவது கட்டத்துக்கு இந்தத் திட்டத்திலிருந்து ஒரு காசு கிடையாது. வாங்குகிறவன் கொடுக்க வேண்டும். அங்கேதான் பலபேர் விழுகிறார்கள். இன்னொரு ரகம் விழுவதே இல்லை. முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மறுபடி வேறொரு தலைப்பில் முதல் கட்டம் என்று கொடைப் பணத்திலேயே வருஷக்கணக்காக ஓட்டுவார்கள், கடையில் விற்க ஒரு சாமான் இருக்காது. அவர்களை இங்கே 'மில்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். நம் ஊரிலும் உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-லேயே எஸ்பிஐஆர் மாதிரி, கிட்டத்தட்ட அதே பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது.

அண்ணாச்சி உங்களுக்கு மூன்றாம் கட்டம் முதலிலேயே இருக்கிறது. ராதாபுரத்துக்காரர். அவரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள், "வேலை செய்தால் நாலு மெஷினுக்கும் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்று. எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு கடிதத்துக்காக நாய் படாத பாடு படுகிறோம்.

---

கயத்தாறு மேற்கு | வியாழன், இரவு 9.00

செருப்புக் கதை சொன்னதற்கு வாபஸ். முப்பது ராத்திரிக்கு நடக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் ஊரில் மூன்று பேர் வேலையில்லாமல்தான் இருக்கிறார்கள். நானும் சேர்த்தி.

---

பேட்டை பட்டறை | பதினேழு நாள் கழித்து, ஞாயிறு, மாலை 5.20

எல்லோருக்கும் பதில் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். ராத்திரியெல்லாம் காத்தாடி அடியிலேயே கிடக்கிறேன்.

பூர்வாங்க விண்ணப்பம் போன வாரம் போட்டாகிவிட்டது. பாளையங்கோட்டையில் தெரிந்த ஒரு வக்கீல் எழுதித் தந்தார். எண் வந்த பிறகுதான் இதைத் தட்டச்சு செய்கிறேன், ஐயா திட்ட வேண்டாம். இப்போது சொல்கிறேன். மெஷினின் கன்ட்ரோலரில் ரோட்டர் சுற்றுக்கு ஏற்கனவே ஒரு சென்சார் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக அந்தக் கார்டைப் பிரித்து மாட்டுகிறவன் நான். அதிலிருந்து ஒரு ஒயர் என் பெட்டிக்கு இழுத்தேன். இறக்கை எப்போது கோபுரத்தைக் கடக்கப்போகிறது என்று பெட்டிக்கு முன்கூட்டியே தெரியும். அந்தச் சுற்றோடு ஒட்டி வருகிற உதறலை எல்லாம் அது கழித்துவிடும். மனுஷனால் காத்தாடியோடு தாளம் தவறாமல் நடக்க முடியாது. பத்து அடி சேர்ந்து வைத்தாலும் பதினோராவது அடியில் நழுவிவிடுவான். நழுவினால் போன் அடிக்கும். ஐயா ஊகித்தது இதுதானா என்று சொல்லவும்.

மோடம் விஷயமும் ஐயா சொன்ன மாதிரியே. மெத்தை மேல் வைத்து போன் போட்டேன், மெத்தையில் ஒருவன் நடந்தான். ஷீல்டு கம்பி மாற்றி, மோடம் கூவும் நேரத்தில் மட்டும் காதை மூடச் சொல்லிவிட்டேன்.

இதுவரை பதினாலு ராத்திரி. மச்சான் மகனும் கயத்தாறுத் தம்பியும் மாறி மாறி நடக்கிறார்கள், ராத்திரிக்கு நாற்பது நடை, கூலி பரோட்டா. கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறேன். முதல் நாலு ராத்திரி நாற்பதில் முப்பதுதான் பிடித்தது. நட்ட இடத்தில் மண்ணை இறுக்கியதும் முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று வருகிறது. ஆள் இல்லாமல் கத்தியது மொத்தம் பதினொன்று. அதில் ஆறு மயில், மூன்று ஆடு. மீதி இரண்டு என்னவென்று தெரியவில்லை. கயத்தாறுத் தம்பி அதற்கு ஒரு காரணம் சொல்கிறான், ராத்திரி நேரத்தில் அதைப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஐடெக்ஸ் இப்போதைக்கு இல்லை. புத்தாக்க வவுச்சருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், தங்கச்சி சொன்ன மாதிரி சின்னது. தலைப்பு 'சுற்றும் இயந்திரத்தின் அருகில்' என்றுதான் ஆரம்பிக்கிறது. ராதாபுரத்துக்காரர் கடிதம் கொடுத்தார். நாலுக்கு எழுதச் சொன்னால் இரண்டுக்குத்தான் எழுதினார், மீதி இரண்டு அடுத்த ஆடியில் பார்க்கலாமாம். வியாபாரி அல்லவா.

வள்ளியூரில் ஒரு பந்தல்காரரிடம் ஜெனரேட்டர் வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு ராத்திரி காத்தாடியை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் புதைத்துப் பார்க்கப்போகிறோம். ஜெனரேட்டரில் சுற்றை எண்ணுகிற ஒயரை எங்கிருந்து எடுப்பது என்று யாருக்காவது யோசனை இருந்தால் எட்டு மணிக்குள் சொல்லுங்கள். அதற்கு மேல் அங்கே டவர் கிடைக்காது.